தாங்கள் குறிப்பிடும் நபர்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் வீடு பார்க்க வரும் தரகர்கள் முதலில் மொட்டை மாடிக்குத்தான் ஏறுவார்கள். மலை தெரிகிறதா, உச்சிவரைக்கும் தெரிகிறதா, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறதா என்று பார்த்துவிட்டு, செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். அறை எத்தனை, கிணற்றில் தண்ணீர் எப்படி, போர் எத்தனை அடி என்பதெல்லாம் அப்புறம். எங்கள் வீட்டுக்கு வந்தவரும் அப்படித்தான் ஏறி இறங்கினார். "எம்மா, மலை உங்க வூட்டு மேலயே உக்காந்திருக்குதும்மா. இதுக்குப் பார்ட்டி கொண்டாறது என் பொறுப்பு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. அப்பா போன பிறகு அந்த வீட்டைப் பற்றி அவ்வளவு ஆசையாக யாரும் பேசவில்லை.

அது 2021 ஆகஸ்ட். கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்திருந்தாலும் பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை நீங்கவில்லை. 2020 மார்ச்சில் விழுந்த தடை அது. பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான கால்கள் நடக்கிற பாதையில் நாய்கள் படுத்துக் கிடந்தன. வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஊரில், பாதையோரம் இளநீரும் சுண்டலும் விற்றுப் பிழைத்தவர்கள் செங்கல் சூளைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். நிலத்துக்கும் வீட்டுக்கும் கேட்பாரில்லை.

அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 1986இல் அந்த மனையை வாங்கினார். முதலில் முன்பக்கம் மட்டும் ஓட்டு வீடு. எனக்கும் தம்பிக்கும் விவரம் தெரிந்த பிறகு பின்னால் இரண்டு அறை எழுப்பி கான்கிரீட் தளம் போட்டார். கிரிவலப் பாதை மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். பெரிய கோயிலில் புறப்பட்டு, செங்கம் சாலையில் நடந்து, காஞ்சி சாலைக்குத் திரும்பி வருகிறவர்களுக்குக் கால் வலிக்க ஆரம்பிக்கிற இடம் எங்கள் ஊர்தான். அதனால் பௌர்ணமி தோறும் அப்பா திண்ணையில் இரண்டு அண்டா மோர் வைப்பார். உப்பு, பெருங்காயம், கிள்ளிப் போட்ட கறிவேப்பிலை. விடிய விடிய யாராவது வந்து உட்காருவார்கள், குடிப்பார்கள், போவார்கள். மார்கழி பிறந்தால் பக்கத்தில் மாணிக்கவாசகர் கோயிலில் அதிகாலையில் திருவெம்பாவை ஒலிக்கும். அவர் அதைப் பாடியது இந்த மலையடிவாரத்தில்தான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்பா அதை வகுப்பில் பிள்ளைகளுக்கும் சொல்வார். கார்த்திகை தீபத்தன்று மாடியில் சொந்தக்காரர்கள் நிற்க இடமிருக்காது. உச்சியில் கொப்பரை பற்றிக்கொண்ட அந்த நிமிஷம் கீழே ஊரே ஒரு குரலாக "அரோகரா" என்று எழும்பும்.

2019இல் அப்பா காலமானார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து, வாசற்படி இறங்கவே ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் வேலூரில் வேலை பார்க்கிறேன், தம்பி பெங்களூரில். அம்மாவை வேலூருக்கு அழைத்து வந்தேன். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கும், வேலூரில் ஒரு சின்ன வீட்டுக்கும் பணம் தேவைப்பட்டது. விற்பதென்று முடிவு செய்தது அம்மாதான். "பூட்டி வச்ச வூடு வூடில்ல. யாராவது அதுல அடுப்பு மூட்டட்டும்" என்றார். வாங்குபவர் குடியிருக்க வேண்டும், மாதத்தில் ஒருநாள் திறந்து மூடுகிற ரிசார்ட்டாக ஆக்கிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் வைத்த நிபந்தனை. தரகரிடம் அதைத்தான் முதலில் சொன்னார், விலையை அப்புறம்தான் சொன்னார்.

தரகர் தலையாட்டினார். பிறகு பேச்சை நத்தத்துக்குக் கொண்டுபோனார். "இது நத்தம் மேடம். மலை வியூ இருக்குது, ஒத்துக்கிறேன். ஆனா நத்தம்னா வெளியூர் பார்ட்டி யோசிப்பாங்க. கவர்ன்மென்ட் எடம்னு நெனச்சிப்பாங்க." கிராம நத்தம் என்பது மக்கள் குடியிருக்கவென்றே ஒதுக்கப்பட்ட இடம், வீடு கட்டிக் குடியிருப்பவருக்கே அது உரியது, அரசுக்குச் சொந்தமான புறம்போக்கு ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. எங்களிடம் நத்தம் நிலவரித் திட்டத்தில் கொடுத்த தோராயப் பட்டாவும் இருந்தது, அதற்குப் பின் வந்த தூய பட்டாவும் இருந்தது, அப்பா வாங்கிய கிரயப் பத்திரமும் இருந்தது. எல்லாவற்றையும் தம்பி எடுத்து வைத்தான். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "பேப்பர் பக்கா. நான் மார்க்கெட்டைச் சொன்னேன்" என்றார். அந்தப் பேச்சிலேயே விலை இறங்கிவிட்டது. 28 லட்சம், எங்கள் கைக்கு நெட்டாக. தன் கமிஷனை வாங்குகிறவரிடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தடையும் நோயும் நீடித்த அந்தச் சமயத்தில், விசாரித்த இடத்திலெல்லாம் அதை ஒட்டித்தான் சொன்னார்கள்.

அவர் முதலில் கேட்டது பவர். "பவர் எழுதிக் குடுத்துட்டீங்கன்னா வேலூர்ல இருந்து அலைய வேணாம் இல்ல?" தம்பி மறுத்துவிட்டான். பொது அதிகாரப் பத்திரத்தை வைத்துச் சொத்துரிமையைக் கைமாற்ற முடியாதென்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்ன பிறகும் எங்கள் பக்கத்தில் பவர் கேட்காத தரகர் குறைவு. பவர் இல்லையென்றதும் அவர் முகம் மாறவில்லை. அக்ரிமெண்ட் போட்டுக்கொள்ளலாம் என்றார். இரண்டு லட்சம் அட்வான்ஸ், ஆறு மாதக் கெடு, சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாகப் பதிவு. 2012 டிசம்பரில் இருந்து தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்பது எங்களுக்கும் தெரியும். பதிவு செய்யலாம் என்று தானாகச் சொல்கிறவர் நேர்மையானவராகத்தான் இருப்பார் என்று அம்மா சொன்னார். அப்படி நினைப்பதில் தப்பே இல்லை.

ஒப்பந்தம் அவர் பேரிலேயே எழுதப்பட்டிருந்தது. 20 ரூபாய் முத்திரைத் தாளில் பத்திர எழுத்தர் படித்துக்கொண்டே வந்தவர், "தங்கள் பேரிலோ அல்லது தாங்கள் குறிப்பிடும் நபர் அல்லது நபர்கள் பேரிலோ கிரயம் செய்து கொடுக்க" என்ற இடத்தைத் தாண்டிப் போனார். நான் நிறுத்திக் கேட்டேன். யார் அந்த நபர்? "பார்ட்டி யார்னு இன்னும் தெரியாது இல்லையா மேடம், எல்லா அக்ரிமெண்ட்லயும் இருக்கிற வாசகம்தான்" என்றார் பத்திர எழுத்தர். அவர் சொன்னது உண்மை. பின்னால் நான் பார்த்த ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அந்த வரி இருந்தது. அப்பாவின் வாரிசுகளாக அம்மா, நான், தம்பி மூவரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்த ஒரு வரியில் தரகர் தரகராக இருப்பதை விட்டுவிடுகிறார். அதற்குப் பிறகு அவர் எங்களுக்காக வேலை செய்கிறவர் இல்லை. எங்கள் வீட்டை இரண்டு லட்சத்துக்குக் கையில் பிடித்து வைத்திருக்கிற ஆள். விற்பவர் யாரென்று வாங்குபவருக்கு அவர்தான் சொல்லுவார். வாங்குபவர் யாரென்று விற்பவருக்கு அவர்தான் சொல்லுவார். இடையில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஆறு மாதம் ஓடியது. போன் செய்தால் எடுப்பார், மரியாதையாகப் பேசுவார். "கிரிவலமே இல்லம்மா, ஆள் எப்படி வரும்? பெங்களூர் பார்ட்டி ஒண்ணு பாத்துட்டுப் போயிருக்குது." இடையில் ஒரு வெளிநாட்டுக்காரரைக் கூட்டிவந்து மாடியில் நிறுத்திக் காட்டினார் என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னார். இந்தியாவில் தங்கி வாழாத, இந்திய வம்சாவளி அல்லாத வெளிநாட்டுக் குடிமகன் இங்கே வீடு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஐந்து வருஷத்துக்கு மிகாமல் குத்தகைக்கு எடுக்கலாம், அவ்வளவுதான். ரமணாசிரமத்தைச் சுற்றி ஆன்மிகம் தேடி வந்த எத்தனையோ பேர், இந்த விஷயம் சொல்லப்படாமல், யாரோ ஒருவர் பேரில் வீடு வாங்கிவிட்டுப் பிறகு அந்த யாரோ ஒருவர் தயவில் நிற்கிறார்கள். அதுவும் தரகர்கள் செய்து வைக்கிற ஏற்பாடுதான். எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. அவ்வளவில் நல்லது.

கெடு முடிய, இன்னும் ஆறு மாதம் நீட்டித்துக் கேட்டார். அம்மா இரக்கப்பட்டு ஒத்துக்கொண்டார். கடைகள் மூடிக் கிடக்கிற ஊரில் ஒரு ஆளின் பிழைப்பு நின்றுபோவது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் அவரும் கேட்டார்.

2022இல் பௌர்ணமி கிரிவலம் மறுபடி திறந்தது. திறந்த வேகத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கியது. பௌர்ணமிக்கு மட்டும் என்றிருந்தது போய் எல்லா நாளும் கிரிவலம் ஆனது. பாதை நெடுக டீக்கடை, லாட்ஜ், இட்லிக்கடை எல்லாவற்றிலும் தெலுங்கில் போர்டு ஏறியது. மலை தெரிகிற மாடி வைத்த வீட்டுக்கு விலை சொல்லி முடியாமல் போயிற்று. எங்கள் தெருவிலேயே, எங்களுடையதைவிடச் சின்ன வீடு எங்கள் விலையைப் போல் ஒன்றரை மடங்குக்குப் போனது. தம்பி தரகருக்குப் போன் செய்து கேட்டான். "அது தெரு முனை சார், அதுக்கு வேற கணக்கு" என்றார். நாங்கள் ஒப்புக்கொண்ட விலை ஒப்புக்கொண்ட விலைதான் என்று அம்மா சொல்லிவிட்டார். வாக்குக் கொடுத்தாயிற்று, விலை ஏறினாலும் இறங்கினாலும் அதுதான். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. ஆனால் அம்மாவின் நியாயத்துக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஆகஸ்டில், நீட்டித்த கெடு முடிகிற சமயத்தில், பார்ட்டி கிடைத்துவிட்டது என்றார். ஐதராபாத்காரர்கள், கணவன் மனைவி, வயதானவர்கள், இங்கேயே வந்து தங்கிவிடப் போகிறார்கள். அம்மாவுக்கு அதைக் கேட்டு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அவர்களோடு போனில் பேச வேண்டும் என்றார். "அவங்களுக்குத் தமிழ் தெரியாதும்மா" என்று தரகர் சொல்லிவிட்டார். பதிவு அன்றைக்கு நேரில் பார்க்கலாம் என்றார்.

தரகருக்கு ஒரு விஷயம் தெரியாது. அம்மா பிறந்தது சித்தூர் பக்கம். கல்யாணம் ஆகி அடி அண்ணாமலைக்கு வரும்வரை அவர் வீட்டில் பேசியது தெலுங்கு. எங்களிடம் தமிழிலேயே பேசிப் பேசி, கோபம் வந்தால் மட்டும் பழைய பேச்சு வெளியே வரும்.

பதிவு நாளில் எங்களைப் பத்திர எழுத்தர் கடையில் உட்கார வைத்தார்கள். வாங்குகிறவர்கள் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு காரில் இருப்பதாகச் சொன்னார்கள். டோக்கன் நம்பர் வந்ததும் உள்ளே போய்விடலாம், சார்பதிவாளர் முன்னால் எல்லாரும் போட்டோ எடுத்துக் கைரேகை வைத்தால் முடிந்தது என்றார் தரகர். அவர் அன்றைக்கு நிற்கவே இல்லை. கடைக்கும் காருக்கும் அலுவலகத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து கால் விறைத்துப் போய்விட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து மெல்ல நடந்தார். வெயிலுக்குக் காரில் இருக்க முடியாமல் அந்த அம்மாளும் இறங்கி மர நிழலில் நின்றிருந்தார். நரைத்த தலை, நெற்றியில் திருநீறு. யாரென்று கேட்காமலே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தெலுங்கில் பேசினார். அந்த அம்மாள் முகம் மலர்ந்ததை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். "அக்கா, உங்களுக்குத் தெலுங்கு வருமா? வராது என்று சொன்னார்களே" என்று கேட்டார்.

அடுத்து இரண்டு பேரும் வீட்டைப் பற்றித்தான் பேசினார்கள். கிணற்றுத் தண்ணீர் கோடையிலும் வற்றாது என்று அம்மா சொன்னார். பின்வாசல் முருங்கையை வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மோர் வைக்கிற வழக்கத்தைச் சொன்னார். தாங்களும் வைப்பதாக அந்த அம்மாள் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, மரியாதை குறையாமல், ஒன்று கேட்டார். பாதிக்கு மேல் பணத்தை ரொக்கமாகத்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தீர்களாமே, என் கணவரின் ஓய்வூதியப் பணத்தை எடுத்து ரொக்கமாக மாற்றிக்கொண்டு வருவதற்குள் எங்களுக்கு உயிர் போய்விட்டது, அதை மட்டும் பேங்க்கில் வாங்கியிருக்கக் கூடாதா?

எந்தப் பணம் என்று அம்மா கேட்டார்.

அவர்கள் பேசிய விலை 61 லட்சம். அதில் 28 லட்சம் பேங்க் வழியாக, மீதி 33 லட்சம் ரொக்கமாக. 12 லட்சம் முன்பே தரகரிடம் கொடுத்தாயிற்று. அதை அவர் எங்களிடம் சேர்த்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். மிச்சம் 21 லட்சம் அந்தக் காரில், ஒரு துணிப்பையில் இருந்தது. அம்மாவைப் பற்றியும் கதை சொல்லப்பட்டிருந்தது. மகனும் மகளும் பணத்துக்காகச் சண்டை போடுகிறார்கள், கிழவி ரொக்கம் கையில் விழாமல் கையெழுத்துப் போடமாட்டாள், நேரில் பேசினால் இன்னும் விலை ஏற்றுவாள் என்று.

நிலத்துக்கும் வீட்டுக்கும் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2015 ஜூனில் இருந்து இருக்கிறது. மீறினால் வாங்கியவர் மீதுதான் அபராதம், வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவு. ஒரு ரூபாய்கூடத் தொடாத அம்மா, அந்த 33 லட்சத்துக்கும் காகிதத்தில் இல்லாத ஒரு பொறுப்பைச் சுமந்திருப்பார். நாளைக்கு அந்தத் தம்பதி கணக்குக் கேட்கிற இடத்தில் எங்கள் பேரைத்தானே சொல்லுவார்கள்? எனக்கு உடம்பு நடுங்கியது அதை நினைத்துத்தான்.

தரகர் ஓடி வந்தார். இரண்டு பேரும் நின்று பேசுகிறதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "எம்மா, வெயில்ல ஏன் நிக்கிறீங்க" என்று ஆரம்பித்தவரை அம்மா பேச விடவில்லை. "ஏம்பா, அவங்க கிட்ட வாங்கின பன்னெண்டு லட்சத்தை இப்பவே அவங்க கையில குடு. நான் வாங்காத பணத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். தமிழில் சொன்னதை அப்படியே தெலுங்கிலும் சொன்னார், அந்தக் கணவரும் காரைவிட்டு இறங்கி வந்து கேட்கிற மாதிரி. எங்கள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். யாரும் போகவில்லை. அந்த 21 லட்சம் அன்றைக்கு அவர்கள் பையிலேயே ஐதராபாத்துக்குத் திரும்பிப் போனது. அம்மாவின் பேச்சால் தப்பித்த பணம் அது.

அதுவரை கேட்காத குரலைத் தரகரிடம் அன்றைக்குக் கேட்டோம். "அக்ரிமெண்ட் எங்கிட்ட இருக்குது. மூணு வருஷம் டைம் இருக்குது எனக்கு. கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்றார்.

அவர் சொன்ன மூன்று வருஷமும் பொய்யில்லை. கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரச் சொல்லி வழக்குப் போட, நிறைவேற்ற வேண்டிய தேதியிலிருந்து மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது. 2018இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஒப்பந்தக்காரர் பக்கம் நியாயம் இருந்தால் நீதிமன்றம் கிரயம் செய்து தரச் சொல்வதுதான் பொது விதி. திருவண்ணாமலையில் நாங்கள் பார்த்த வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். விலை ஏற்றி விற்பது தனியாகப் பார்த்தால் குற்றம் ஆகாது. "குறிப்பிடும் நபர்" என்ற வரி அதற்கு இடம் தருகிறது. அம்மா பேரைச் சொல்லி ரொக்கம் வாங்கியதுதான் மோசடி. ஆனால் அது அந்தத் தம்பதிக்கும் தரகருக்கும் இடையில் உள்ள வழக்கு. எங்கள் சங்கடம் வேறு. அந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கெடு முடிந்தாலும் தானாக இறங்காது. இரண்டு தரப்பும் வந்து ரத்து ஆவணம் பதிய வேண்டும், அல்லது நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும்.

வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீடு கேட்டு வந்த ஒவ்வொருவரும் பார்த்தார்கள். நேற்றுவரை மாடியில் நின்று மலையைக் கும்பிட்டவர்கள், "அந்த அக்ரிமெண்ட்டை முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்று போனார்கள். லோன் போட்டு வாங்க வந்தவர்களுக்கு பேங்க் மறுத்துவிட்டது. தரகர் எங்களுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தான் எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததாகவும், நாங்கள் வேண்டுமென்றே கிரயம் செய்யாமல் இழுத்தடிப்பதாகவும் அதில் இருந்தது. ரத்து செய்து தர ஐந்து லட்சம் கேட்டார். நாங்கள் வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பது தனி.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் லாபம் வைத்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் அலைந்து, ஆளைக் கூட்டிவந்து, பேசி முடிக்கிற வேலைக்குக் கூலி உண்டு. கமிஷன் இவ்வளவு என்று எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால், வழக்கமான இரண்டு பர்சென்ட்டைவிடக் கூடவே கொடுத்திருப்போம். அவர் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு. அப்பா கட்டிய வீட்டில் யார் வாழப் போகிறார்கள் என்று அறிகிற உரிமையை எடுத்துக்கொண்டார். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று, அவர்களை எங்களுக்கு மொழி தெரியாதவர்களாகவும், எங்களை அவர்களுக்குப் பேராசைக்காரர்களாகவும் காட்டினார். மலையைப் பார்த்துக்கொண்டே சாக வேண்டும் என்று வந்த இரண்டு பேரின் ஓய்வூதியப் பணம் அந்தப் பொய்யில் போனது.

அவரை எங்கே போய்க் கேட்பது என்று தேடினேன். 2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. தமிழ்நாட்டு ஆணையம் சென்னையில் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டாயம் பதிவு பெற்ற மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடித் திட்டங்களையும் விற்கிற முகவர்களுக்கு. ஒரு பழைய வீட்டை ஒருவர் விற்று இன்னொருவர் வாங்குகிற இடத்தில் நிற்கும் தரகரை அந்தச் சட்டம் தொடுவதில்லை. கிரிவலப் பாதையில் ஒரு போர்டு, ஒரு செல்போன் எண், வேறெதுவும் அவருக்குத் தேவையில்லை. தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுகிறவர்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டிய நாட்டில், ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பையும் கையில் வாங்குகிறவருக்கு எந்தப் பதிவும் வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய வீட்டுத் தரகர்களையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் முன்பணத்துக்கு முன்னால் ஒருவரையொருவர் பார்த்துப் பேசியதாக ஒப்பந்தத்திலேயே பதிவாக வேண்டும்.

அம்மாவின் முழங்கால் அறுவையைக் கடன் வாங்கித்தான் செய்தோம். 2023 முழுக்க இந்த இழுபறியில் போயிற்று. ஐதராபாத் தம்பதி மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்த பிறகுதான் தரகர் இறங்கி வந்தார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் நடுவில் உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு லட்சம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, அதற்கு மேல் ஒன்றரை லட்சமும் கொடுத்து, ரத்து ஆவணத்தில் அவர் கையெழுத்தை வாங்கினோம். எங்கள் வீட்டை எங்களுக்கே விடுவித்துக்கொள்ளக் கொடுத்த பணம் அது. கொடுக்கக் கூடாது என்று தம்பி கடைசிவரை சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வழக்கு நடத்தினால் அம்மாவின் காலத்துக்குள் முடியுமா என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

2024 தொடக்கத்தில் வீடு போனது. போளூரிலிருந்து வந்த, இரண்டு பேரும் நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு குடும்பம். தெரிந்தவர்கள் மூலம், தரகர் இல்லாமல். 47 லட்சம், முழுவதும் பேங்க் வழியாக. பத்திரத்திலும் அதே தொகை. அவர்களை அம்மா முதல் நாளே வீட்டுக்கு வரச் சொல்லி, அடுப்பில் பால் வைத்துக் கொடுத்து, கிணறு, முருங்கை, மோர் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் விலை பேச உட்கார்ந்தார். ஐதராபாத் தம்பதிக்கே அதைக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அம்மா விரும்பினார். நாள் கடத்தித் தருகிறோம் என்றும் சொல்லிப் பார்த்தோம். 12 லட்சம் போன பிறகு அவர்களுக்கு இந்த ஊரில் வீடு வாங்குகிற மனசு போய்விட்டது. கிரிவலத்துக்கு மட்டும் வந்து போகிறார்கள். வந்தால் அந்த அம்மாள் வேலூருக்குப் போன் செய்வார். இரண்டு பேரும் நீண்ட நேரம் தெலுங்கில் பேசுவார்கள்.

12 லட்சத்தில் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, மிச்சம் வரவில்லை. விஷயம் 2022இல் நடந்தது என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவிலேயே வழக்கு ஓடுகிறது. அந்த ரொக்கத்தில் ஒரு ரூபாயும் எங்களிடம் வந்து சேரவில்லை என்று சொல்ல அம்மாதான் முக்கியச் சாட்சி. வயதைச் சொல்லி வராமல் இருக்கலாம், வீட்டிலிருந்தே வாக்குமூலம் கொடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். "என் பேரைச் சொல்லித்தானே வாங்கினான். நான் நேர்ல வந்து சொல்றேன்" என்றார் அம்மா. வாய்தாத் தேதி வந்தால் முதல் நாள் மாலையே புடவையை எடுத்து வைத்துவிடுகிறார். காலையில் ஐதராபாத்திலிருந்து வருகிறவர்களை நீதிமன்ற வாசலில் சந்தித்து, மூன்று பேரும் சேர்ந்தே உள்ளே போகிறார்கள்.